இரத்தக் கொதிப்பு மருந்தும் முதியோர் எலும்பும்

அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக்கல்லுக்குக் குறைவில்லை. அதனைக் கொண்டே சிமெண்டு ஆலைகள் நடைபெறுகின்றன. ஆனால், அம்மண்ணில் உழைத்து முதிர்ந்தவர்களின் எலும்பிலோ சுண்ணாம்புச் சத்து ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. எலும்புத் தேய்வு பெண்டிருக்கே உரிய பிணி என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். முதிய ஆண்களையும் அது விட்டுவைப்பதில்லை.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேர வழி பிறந்தது. பக்கவாதத்தினின்றும் மாரடைப்பினின்றும் நம்மைக் காப்பவை அவை. அவற்றால் எலும்புக்கு நன்மையா, தீமையா என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

சிறுநீரை மிகுவிக்கும் மருந்துகளில் தயசைடு வகை, சுண்ணாம்புச் சத்து வெளியேறுவதைக் குறைக்கிறது. அவ்வகை மருந்து உண்டோரிடம் இடுப்பெலும்பு முறிவு குறைந்திருந்ததை 2017-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. உடல் வீக்கத்துக்குத் தரப்படும் பியூரோசமைடோ அச்சத்தைச் சிறுநீருடன் வெளியேற்றுகிறது.

எனினும் பெரிய ஆபத்து கீழே விழுவதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் பராமரிப்பு இல்லங்களில் ஏறத்தாழ 30,000 முதியோரை ஆராய்ந்து 2024-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். மருந்து புதிதாகத் தொடங்கிய முதல் 30 நாட்களில் எலும்பு முறிவு இருமடங்குக்கு மேல் காணப்பட்டது. அவர்கள் மிகவும் தளர்ந்தவர்கள். நம் அங்கத்தினர்களுக்கு அக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் காரணம் ஒன்றே: எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டெனத் தாழ்ந்து தலை சுற்றுகிறது.

ஜயங்கொண்டம் வட்டாரத்து நெசவாளர் குழித்தறியிலிருந்து எழும்போதும், பெரம்பலூர் விவசாயி வெங்காய வயலில் குனிந்து நிமிரும்போதும், இரவில் வரப்பின்மீது நடந்து தண்ணீர் கட்டும்போதும் இதனை நினைவிற் கொள்ளல் நலம்.

ஆகவே மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது, அது பெருந்தீங்கு. மருந்து புதிதானால் சிறிது அமர்ந்து, பின் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். தலை சுற்றினால் வைத்தியரிடம் கூறி, நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்ல வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. பாலும் கீரையும் துணை செய்யும். நிழலிலேயே நெய்வோர் நாள்தோறும் சிறிது வெயிலில் நடப்பது நன்று. புகையிலையை விடுதலும் எலும்பைக் காக்கும்.

அறுந்த இழையை ஒரு நொடியில் முடிந்துவிடலாம். முதியவரின் இடுப்பெலும்பு முறிந்தால், தறியும் ஏரும் மட்டுமன்றிக் குடும்பமே நின்றுவிடும். வருமுன் காப்போமாக!