வெள்ளைக் கொடியோடு ஊர் திரும்பியவர்கள்

2018 ஏப்ரல் 23 காலை, இலங்கையின் கிளிநொச்சிக் கரையிலிருந்து வெள்ளைக் கொடிகளுடன் ஏறக்குறைய நாற்பது படகுகள் இரணைதீவுக்குப் புறப்பட்டன. அவற்றில் இருந்தவர்கள் அந்தத் தீவின் சொந்தக்காரர்கள். 1992இல் போரால் இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்கள். 2009இல் போர் முடிந்தும் கடற்படை அங்கிருந்து நகரவில்லை. இக்கரையில், இரணைமாதா நகரில், ஏறக்குறைய ஓராண்டு தொடர் போராட்டம் நடத்தினார்கள். பதில் வரவில்லை. அனுமதிக்குக் காத்திராமல் போய் இறங்கிவிட்டார்கள். கடற்படை தடுக்கவில்லை. இறங்கியவர்கள் அங்கேயே தங்கினார்கள். அடுத்த சில வாரங்களில் அரசாங்கம் மீள்குடியேற்றத்துக்கு ஒப்புக்கொண்டது.

படை வெளியேறும் என்று சொல்லிவிட்டு நாளைத் தள்ளிக்கொண்டே போனால், அமைதி வழியில் போராடுகிறவர்கள் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு அந்தப் படகுகள் ஒரு விடை.

தேதியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அங்கே உதாரணம் நிறைய. இந்திய அமைதிப் படை 1989 ஜூலைக்குள் போகவேண்டும் என்றார் அதிபர் பிரேமதாச. கடைசி வீரர் கப்பலேறியது 1990 மார்ச்சில். வடக்கு, கிழக்கில் பொதுமக்கள் நிலம் அனைத்தும் 2018 டிசம்பர் 31க்குள் விடுவிக்கப்படவேண்டும் என்று அதிபர் சிறிசேன உத்தரவிட்டார். அந்த நாளும் வந்து போனது.

ரவாங் வட்டாரத்தில், தோட்டம் கைமாறிய பிறகு மாற்று வீட்டுக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு இது புதிதல்ல. காத்திருப்பு நீள நீள, கூட்டம் கரையும். ஒருவருக்கு வேலை, இன்னொருவருக்குப் பிள்ளையின் பள்ளி. தாமதிக்கிறவர் எதிர்பார்ப்பதும் அதைத்தானே?

முல்லைத்தீவு கேப்பாப்பிலவு மக்களுக்கு வேறொரு சோதனை. போர் முடிவில் முகாமுக்குப் போனவர்களை, 2012இல் முகாம் மூடப்பட்டபோது சொந்த ஊருக்கு விடாமல் ‘மாதிரி கிராமம்’ ஒன்றில் குடியேற்றினார்கள். 2017 ஜனவரி 31இல் பக்கத்துப் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாம் வாசலில் உட்கார்ந்தார்கள். ஒரே மாதத்தில், மார்ச் 1இல், நிலம் கிடைத்தது. அதே நாளில் கேப்பாப்பிலவு மக்கள் இராணுவ முகாம் முன் அமர்ந்தார்கள். அவர்களுக்கு டிசம்பர் 28இல் 133 ஏக்கர் மட்டும் விடுவிக்கப்பட்டது. பாதி ஊருக்கு நிலம், மீதி ஊருக்குக் கூடாரம்.

என் பார்வையில், போராட்டம் உடைவது இந்த இடத்தில்தான். கிடைத்ததை மறுக்கக்கூடாது, இருபது வயதுப் பிள்ளையைக் கூடாரத்தில் வளர்த்த தாயிடம் கொள்கை பேச நாம் யார்? ஆனால் நிலம் கிடைத்தவர்களும் வாரம் ஒரு நாளாவது கிடைக்காதவர்களோடு போய் உட்காரவேண்டும். கேட்பதும் ‘படையே வெளியேறு’ என்று பொத்தாம்பொதுவாக இருக்கக்கூடாது. யாருடைய காணி, எத்தனை ஏக்கர், கிணறு எங்கே என்று பெயர் பெயராகக் கேட்டால், ‘பெரும்பாலும் விடுவித்துவிட்டோம்’ என்ற அறிக்கை எடுபடாது.

இரணைதீவு வழி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கடலுக்கு வேலி இல்லை. கேப்பாப்பிலவில் முள்கம்பியும் துப்பாக்கியும் இருந்தன. அங்கே படகுப் பயணம் போல ஒன்றைச் செய்யச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

இதில் நமக்கும் சின்ன வேலை உண்டு. ரயில்வே உத்தியோகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸில் வேரூன்றிய குடும்பங்களில், தாத்தாவின் பழைய பெட்டியில் காணி ‘உறுதி’ கிடக்கலாம். அங்கே நிலப் பத்திரத்துக்கு அதுதான் பெயர். 1990இல் காலியான வலிகாமம் வடக்குக் காணியாக இருந்தால், ஒரு நகல் அங்குள்ள உறவுக்காரர் கையில் இருக்கட்டும்.

2021 மார்ச்சில், கோவிட்டில் இறந்தவர்களை இரணைதீவில் அடக்கம் செய்ய அரசாங்கம் முடிவெடுத்தது. தீவு மக்கள் எதிர்த்தார்கள். இம்முறை அக்கரையில் நின்று மனு கொடுக்கவேண்டியிருக்கவில்லை. அடக்கம் கிழக்கே ஓட்டமாவடிக்கு மாற்றப்பட்டது.