தாயும் சேயும் நலம், தந்தை?

குழந்தை பிறந்த செய்தி காதில் விழுந்ததும் நாம் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "தாயும் சேயும் நலமா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். பெற்றவள் மறுபிறவி எடுத்து வந்திருக்கிறாள். அவளுக்கும் அந்தப் பச்சிளம் உயிருக்கும் பிறகுதான் மற்றவர் எல்லாரும். ஆனால் அந்தக் கேள்வியில் ஒருவருக்கு இடமே இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மருத்துவமனைத் தாழ்வாரத்தில், கையில் மருந்துச் சீட்டோடும் ஃபிளாஸ்க்கோடும் நிற்கும் அந்த இளைஞர், காலையில் மகனாகவும் கணவனாகவும் மட்டுமே இருந்தவர், மாலைக்குள் தந்தையாகிவிட்டார். அவரிடம் நாம் கேட்பதெல்லாம், "என்ன குழந்தை? எத்தனை கிலோ? ஸ்வீட் எங்கே?"

நம் ஊர் வழக்கமும் அவரைத் தள்ளியே வைக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது மரபு. வளைகாப்பு முடிந்து மனைவியை அனுப்பிவிட்டு, கணவர் விருந்தாளி போல வாரம் ஒரு முறை மாமனார் வீட்டுக்குப் போய் வருகிறார். பிரசவ வேளையில் தாய் விரும்பும் ஒருவர் உடனிருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. நம் நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் பிரசவத் துணைக்கு அனுமதி உண்டு. ஆனால் பல தாய்மார்கள் ஒரே அறையில் இருப்பதால், அந்தத் துணை பெரும்பாலும் தாயோ மாமியாரோ அக்காளோதான். கணவர் கதவுக்கு வெளியே.

அந்தக் கதவுக்கு வெளியே என்ன நடக்கிறது? வீடு மந்திரிக்கச் சென்ற இடத்தில் ஒரு தம்பி என்னிடம் மனம் விட்டுப் பேசினார். அவருடைய அனுமதியோடு, பெயரின்றி எழுதுகிறேன். "ஃபாதர், திடீரென்று ஆபரேஷன் என்றார்கள். தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாற்பது நிமிடம் கழித்து நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, ஃபாதர். அவள் எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்டேன். குழந்தையைப் பார்த்ததும் பாசம் பொங்கும் என்றார்களே, நான் என்ன கல்நெஞ்சக்காரனா?"

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பத்து மாதம் தன் உடலுக்குள் குழந்தையை உணர்ந்தவள் தாய். தந்தைக்கோ அந்தக் குழந்தை அன்றுதான் அறிமுகம். அதுவும், மனைவியை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தின் நடுவில். மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு தந்தையரையும் தாக்கலாம் என்று மருத்துவர்களே இன்று சொல்கிறார்கள். பாசம் சிலருக்கு உடனே சுரக்கிறது. சிலருக்கு மெல்லத்தான் ஊறுகிறது.

தொடக்கத் திருச்சபையில் இதைச் சிந்தித்தவர்கள் உண்டு. யாக்கோபின் முன்நற்செய்தி என்ற பழைய நூல் ஒன்று உள்ளது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. திருச்சபை அதை விவிலியத்தில் சேர்க்கவில்லை. எனவே அதை இறைவார்த்தையாக நாம் எடுத்துக்கொள்வதில்லை. என்றாலும் அதில் வரும் ஒரு காட்சி வியப்பானது. மரியாவைக் குகையில் விட்டுவிட்டு, யோசேப்பு மருத்துவச்சியைத் தேடி ஓடுகிறார். திடீரென்று எல்லாம் நின்றுவிடுகிறது. பறவைகள் வானில் அசையாமல் நிற்கின்றன. உண்ண அமர்ந்த வேலையாள்களின் கை பாத்திரத்திலேயே நிற்கிறது. கோலை ஓங்கிய இடையனின் கை ஓங்கியபடியே நிற்கிறது. ஆற்றில் வாய் வைத்த குட்டிகள் குடிக்கவில்லை. பின்பு ஒரு நொடியில் எல்லாம் மீண்டும் நகர்கின்றன. பிரசவ அறைக்கு வெளியே நின்ற எந்தத் தந்தையிடமும் கேட்டுப் பாருங்கள், அந்தக் கடிகாரம் நின்ற கதையை அவரும் சொல்வார். கீழைத் திருச்சபைகளின் பிறப்புத் திருவோவியங்களிலும் யோசேப்பு தொழுவத்தின் அருகில் இல்லை; ஒரு மூலையில், தலையைக் கையில் தாங்கி, தனியே அமர்ந்திருக்கிறார்.

நம் நற்செய்தி நூல்களுக்கு வருவோம். லூக்கா முதல் அதிகாரத்தில் முதல் முறையாகத் தந்தையாகும் ஒருவரைக் காண்கிறோம்: செக்கரியா. முதுமையில் கருவுற்ற மனைவியிடம் ஆறுதலாக ஒரு சொல் கூடப் பேச முடியாமல், குழந்தை பிறக்கும் வரை ஊமையாக இருந்தவர். எட்டாம் நாள் உறவினர்கள் கூடிக் குழந்தைக்குத் தந்தையின் பெயரையே வைக்க முடிவு செய்துவிடுகிறார்கள். எலிசபெத்து மறுக்கிறார், பெண் சொல்வதை யார் கேட்பது? தந்தையிடம் சைகையால் கேட்கிறார்கள். அவர் எழுதுபலகை ஒன்றை வாங்கி, யோவான் என்று எழுதிக் கொடுக்கிறார் (லூக் 1:59-64). அப்போதுதான் அவருடைய நாவு கட்டவிழ்கிறது. வானதூதர் சொன்ன பெயர்தான் அது. என்றாலும் தந்தையாக அவர் செய்த முதல் செயல், ஊரார் முன் தன் மனைவியின் பக்கம் நின்றது என்பதை நாம் கவனிக்காமல் கடந்து விடுகிறோம்.

இது வெறும் பழங்கதையா? "பொண்ணா?" என்று இழுத்துக் கேட்டு முகம் சுருங்கும் உறவினர்கள் நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். தையல் வலியோடு உள்ளே படுத்திருப்பவள் அந்த முகங்களைப் பார்ப்பதில்லை. கணவனின் முகத்தைத்தான் பார்க்கிறாள். அந்த நேரத்தில் அவர் சொல்லும் முதல் வார்த்தையை அவள் ஆயுள் முழுவதும் மறக்கமாட்டாள்.

செக்கரியா அன்று பாடிய பாடலைத்தான் குருக்களும் துறவியரும் நாள்தோறும் காலைப் புகழில் பாடுகிறோம். அதில் பெரும் பகுதி கடவுளின் இரக்கத்தைப் பற்றியது. அதன் பிறகே அவர் கைக்குழந்தையைப் பார்த்து நேரடியாகப் பேசுகிறார், அதுவும் அவன் ஆண்டவருக்காகச் செய்யப்போகும் பணியைப் பற்றி. தன் பெயரைச் சுமக்காத மகனை அவர் அப்படி வாழ்த்துகிறார்.

யோசேப்போ நற்செய்தியில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஆனால் குழந்தைக்கு இயேசு என்று பெயரிட்டவர் அவர் (மத் 1:25). யூத வழக்கில், பெயரிடும் தந்தை அந்தக் குழந்தையைத் தன் பிள்ளையாக ஏற்கிறார்; அப்படித்தான் இயேசு தாவீதின் வழிமரபில் வருகிறார். உணர்ச்சி பொங்கியதா என்று மத்தேயு எழுதவில்லை. செய்ததை மட்டும் எழுதுகிறார்: விழித்தெழுந்தார், ஏற்றுக்கொண்டார், பெயரிட்டார், இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போனார்.

எனவே அந்தத் தம்பியிடம் நான் சொன்னது இதுதான்: "குழந்தையைத் தூக்கு. துணி மாற்று. இரவில் அழுதால் நீயும் எழுந்திரு." எடை குறைந்து பிறக்கும் குழந்தையை நெஞ்சோடு தோலுக்குத் தோல் அணைத்து வைக்கும் கங்காரு முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது; அதைத் தந்தையும் செய்யலாம். மத்திய அரசு ஊழியருக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள் உண்டு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு மறுநாளே சித்தாளோடு நிற்க வேண்டும். அவருக்கு இரவு மட்டுமே மிச்சம். அந்த இரவும் போதும்.

திருமுழுக்குச் சடங்கிலும் தந்தைக்கு இடம் உண்டு. முன்பு ஞானப்பெற்றோரே முன்னின்று பதில் கூறினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969இல் வந்த புதிய முறை, பெற்றோரை முன்னுக்குக் கொண்டுவந்தது. பாஸ்காத் திரியிலிருந்து குழந்தையின் திரியைத் தந்தை பற்றவைக்கலாம். இறுதியில் தாய்க்கு ஆசி வழங்கிய பின், தந்தைக்கென்றே தனி ஆசி இருக்கிறது. பல இடங்களில் அந்த நேரத்தில் தந்தை போட்டோகிராபரோடும் பிரியாணி அண்டாவோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்!

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் தந்தையர் பலர் கேட்பது: "நான் வரும் வரை திருமுழுக்கைத் தள்ளிப்போடலாமா?" பிறந்த முதல் சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 867). குழந்தைக்கு உயிராபத்து என்றால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. மண்டபம் கிடைக்கவில்லை, சங்கிலி செய்யவில்லை என்று ஓராண்டு இழுப்பதை நான் ஏற்பதில்லை. ஆனால் தந்தைக்கு அடுத்த மாதம் விடுமுறை என்றால், அவர் வந்து அந்தத் திரியைப் பற்றவைக்கட்டும். டிக்கெட் உறுதியானதும் பங்கு அலுவலகத்தில் தெரிவியுங்கள், தேதியை மாற்றி வைத்துக்கொள்ளலாம்.