புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பது

ஆசிரியர் கூறுவதை ஒரு மாணவன் எத்துணைக் கருத்தோடு கேட்டுக்கொண்டாலும் அதனால் அவனுக்குக் கிட்டும் புலமை கால் பங்குதான் என்றும், உடன் கற்பவரோடு பயில்வதனால் மற்றொரு கால் பங்கு வரும் என்றும், எஞ்சிய அரைப் பங்கு கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும் என்றும் நன்னூலின் பொதுப்பாயிரம் ஒரு கணக்குச் சொல்கிறது. இந்தக் காலையும் அரையையும் யாரும் அளந்து பார்த்துச் சொல்லவில்லை. ஆகவே அந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், உள்ளே வாங்குவதைக் காட்டிலும் வாங்கியதை வெளியே எடுத்துச் சொல்வதே அதிகம் கற்பிக்கிறது என்னும் அதன் உட்கருத்து, மனோதத்துவ சாஸ்திரம் சென்ற நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பல வழிகளால் பரிசோதித்துக் கண்ட முடிவுக்கு வியக்கத்தக்க அளவில் அருகே நிற்கிறது.

“நாள் முழுவதும் புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறான், வினாத்தாளைக் கண்டால் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை என்கிறான்” என்று முறையிடாத பெற்றோர் நம்மிடையே அபூர்வம். அம்முறையீட்டைக் கேட்டவுடன் உறவினர் ஒருவர் வல்லாரைக் கீரையைச் சிபாரிசு செய்வார். மற்றொருவர் விடியற்காலை நான்கு மணிக்கே எழுப்பிவிடச் சொல்வார். கடைக்காரரோ ஞாபகசக்திக்கென்றே விற்கும் பானப்பொடியை எடுத்து நீட்டுவார். கீரை நல்ல உணவு, ஐயமில்லை. ஆனால் நோயற்ற பிள்ளையின் ஞாபகசக்தியை உயர்த்தும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட கீரையோ பொடியோ இதுவரை கிடையாது. குறை பிள்ளையின் மூளையில் இருப்பதைவிட அவன் படிக்கும் முறையில் இருப்பதற்கே சந்தர்ப்பம் அதிகம் என்பது என் துணிபு.

ஞாபகத்தை முதன்முதல் அளவுகோல் கொண்டு அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானியர். மற்றவர் மனத்தை ஆராய்வதற்கு முன் தம் மனத்தையே பரிசோதனைப் பொருளாக்கிக்கொண்ட அவர், இரண்டு மெய்களுக்கு நடுவே ஓர் உயிரை வைத்துப் பொருளற்ற அசைகள் சுமார் 2,300 உண்டாக்கி, அவற்றை வரிசை வரிசையாகப் பிரித்து, நிமிஷத்துக்கு 150 அசை என்னும் மாறாத வேகத்தில் உரக்கப் படித்துப் பிழையின்றி ஒப்பிக்கும்வரை உருப்போட்டு, பிறகு குறித்த நேரம் கழித்து அதே வரிசையை மறுபடி உருப்போட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பொறுமையோடு குறித்துவந்தார். அந்த மிச்சமே மனத்தில் தங்கியதன் அளவு. 1885-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு நூலின்படி, 20 நிமிஷத்தில் அது 58 சதவீதமாகவும், ஒரு மணி நேரத்தில் 44 ஆகவும், ஒரு நாளில் 34 ஆகவும் இறங்கியது. ஆனால் ஒரு மாதம் கழிந்த பின்னும் 21 சதவீதம் எஞ்சியிருந்தது. மறதி முதலில் விரைந்து பாய்ந்து, பிறகு தளர்ந்து நடக்கிறது.

தனிப்பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களில் இந்த மறதிக் கோடு பயமுறுத்துவதற்காக அடிக்கடி வரையப்படுகிறது. அது அர்த்தமற்ற அசைகளுக்கு வரைந்த கோடு என்பதை அவர்கள் சொல்வதில்லை. பைரன் எழுதிய ‘டான் ஜுவான்’ காவியத்தின் செய்யுட்களை உருப்போட்டபோது, அதே நீளமுள்ள அசைவரிசைக்குச் செலவான பிரயாசையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே தமக்குப் போதுமாயிருந்தது என்று எபிங்ஹாஸே எழுதியிருக்கிறார். பொருள் விளங்காமல் உருப்போடும் பிள்ளை தன் சுமையைப் பன்மடங்காக்கிக்கொள்கிறான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிப்பதா, மூடிவிட்டு ஒப்பித்துப் பார்ப்பதா என்னும் கேள்வியை அமெரிக்காவில் ஆர்தர் கேட்ஸ் என்பவர் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே ஆராய்ந்து 1917-இல் விடை கூறினார்: நேரத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கை மூடிய புத்தகத்தோடு கழித்தவர்களே மேம்பட்டு நின்றார்கள். 1939-இல் ஹெர்பர்ட் ஸ்பிட்சர், அயோவா மாகாணத்தில் 3,600-க்கு மேற்பட்ட ஆறாம் வகுப்பு மாணவர்களுக்குக் கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்து, வெவ்வேறு நாட்களில் சோதித்து, படித்த உடனே ஒரு சிறு சோதனை எழுதியவர்கள் பல வாரங்களுக்குப் பின்னும் அதிகம் நினைவில் வைத்திருந்ததைக் கண்டார். இத்தனை தெளிவான முடிவுகள் வெளிவந்தும், பள்ளிக்கூடங்கள் சோதனையை மதிப்பெண் போடும் கருவியாக மட்டுமே கருதிவந்தது விசித்திரந்தான்.

இவ்வுண்மையை மறுபடி உலகத்தின் கண்முன் நிறுத்தியவர்கள், செயிண்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்ரி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் ஆவர். 2006-இல் வெளிவந்த அவர்களுடைய பரிசோதனையில், ஒரு கூட்டத்து மாணவர்கள் அறிவியல் பகுதி ஒன்றை நான்கு வேளை படித்தார்கள். சராசரியாக 14 முறை அதைப் படித்து முடித்திருந்தார்கள். மற்றொரு கூட்டத்தார் ஒரு வேளை மட்டும் படித்து, மீதி மூன்று வேளையிலும் வெற்றுத்தாளில் நினைவுக்கு வந்ததை எழுதினார்கள்; அவர்கள் அப்பகுதியைப் படித்தது மூன்று முறைக்குச் சற்று அதிகம். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது முன்னவர்கள் 83 சதவீதமும் பின்னவர்கள் 71 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நிலைமை தலைகீழாயிற்று: பதினான்கு முறை படித்தவர்களிடம் 40 சதவீதமே மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம் தங்கியிருந்தது. இதிலும் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு விடை சொன்னவர்கள் பதினான்கு முறை படித்தவர்களே!

அந்த நம்பிக்கையே மாணவனைக் கெடுப்பது. பலமுறை பார்த்த பக்கம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. வரி தடையின்றி ஓடுகிறது. அந்த ஓட்டத்தையே அறிவு என்று மனம் மயங்குகிறது. கரையில் நின்று பிறர் நீந்துவதை நாள்தோறும் பார்த்தவன் தனக்கும் நீச்சல் தெரியும் என்று எண்ணுவது போன்ற மயக்கம் இது. பரீட்சை மண்டபத்தில் அவனிடம் கேட்கப்படுவது பக்கத்தை அடையாளம் காணும் திறமையன்று. பக்கம் இல்லாதபோது விஷயத்தை வரவழைக்கும் திறமை. அத்திறமை வரவழைத்துப் பழகினால்தான் வரும். ஒவ்வொரு முறை முயன்று நினைவுகூரும்போதும் அந்த நினைவு பின்னும் உறுதிப்படுகிறது. எளிதில் வராமல் சிறிது போராடி வந்த நினைவு இன்னும் அதிகமாக உறுதிப்படுகிறது. வண்ணப் பேனாவால் கோடிட்டுப் படிப்பதும், திரும்பத் திரும்ப வாசிப்பதும் பயன் குறைந்த முறைகள் என்றும், தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், நாட்களைப் பிரித்துப் படிப்பதுமே உயர்ந்த பயனுடையவை என்றும் ஜான் டன்லாஸ்கியும் அவர் குழுவினரும் பத்து முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து 2013-இல் தீர்ப்புச் சொன்னார்கள்.

நாட்களைப் பிரிப்பது பற்றியும் எபிங்ஹாஸே முதலில் கண்டார். ஒரே நாளில் 68 முறை படித்ததனால் விளைந்த பயன், மூன்று நாட்களில் பகிர்ந்து 38 முறை படித்ததனாலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது. எத்தனை நாள் இடைவெளி விடலாம் என்பதை 1,350-க்கு மேற்பட்டோரைக் கொண்டு நிக்கலஸ் செப்பேடாவும் அவரைச் சேர்ந்தோரும் ஆராய்ந்து, ஒரு வாரத்தில் சோதனை வருமானால் ஒரு நாள் இடைவெளியும், ஏறக்குறைய ஓராண்டு கழித்து வருமானால் மூன்று வார இடைவெளியும் சிறந்தவை என்று 2008-இல் அறிவித்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் மாலையில் பிள்ளைகளை அனுப்பும்போது பூ, பட்சி, மிருகம் என்று ஆளுக்குச் சில பெயர்களைச் சொல்லியனுப்பி, மறுநாள் அவற்றை மறவாமல் வந்து சொல்லச் செய்த வழக்கத்தை உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றில் குறிப்பிட்டிருக்கிறார். இடைவெளி, உறக்கம், நினைவுகூர்தல் மூன்றும் அச்சிறு வழக்கத்தில் அடங்கியிருந்தன. அந்தத் திண்ணைகளில் பிரம்பும் இருந்ததுதான் வருத்தத்துக்குரியது. பயம் மிகும்போது உடலில் சுரக்கும் கார்ட்டிசோல் நினைவு கூர்வதைத் தடுக்கும். மதிப்பெண்ணும் தண்டனையும் இல்லாத சோதனையே கற்பிக்கும் சோதனை.

இனி, கவனம். அதைத் தனி வியாதியாக எண்ணி, தனி மருந்து தேடுவோர் பலர். வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் எழுதிய மனோதத்துவ நூலில், வலிய வரவழைத்த கவனம் ஒரே மூச்சில் சில விநாடிகளுக்கு மேல் நில்லாது என்றும், ஒரு பொருளை நோக்கிப் புதிய புதிய கேள்விகளை எழுப்புகிறவனுக்கே அது அப்பொருளில் நிலைக்கும் என்றும் விளக்கியிருக்கிறார். “கவனமாகப் படி” என்னும் கட்டளைக்கு ஒரு பிள்ளை எப்படிக் கீழ்ப்படிவான்? “இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, மூடி வைத்து, ஒளிச்சேர்க்கைக்கு வேண்டியவை எவை, அவை எங்கிருந்து வருகின்றன என்று எனக்குச் சொல்” என்றால் அவனுக்கு ஒரு காரியம் கிடைக்கிறது. காரியம் கிடைத்த மனம் அலைவது குறைகிறது. ஆகவே ஞாபகத்துக்கு விதித்த அப்பியாசமே கவனத்துக்கும் ஆகிறது. ஒரே சமயத்தில் ஒரு மனிதன் மனத்தில் ஏந்தி நிற்கக்கூடிய செய்திகள் ஏழு அளவில்தான் என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் கூறினார். பிற்கால ஆராய்ச்சியாளர் அதையும் நான்கு அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். இத்தனை சிறிய இடத்தைக் கைப்பேசியோடு பங்கிட்டுக்கொள்வது நடவாத காரியம். ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் திரும்பும் ஒவ்வொரு முறையும் நேரமும் கருத்தும் செலவாகின்றன. படிக்கும் அரைமணி நேரம் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

உறக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1924-இல் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் செய்த பரிசோதனையில், கற்றபின் உறங்கியவர்கள் விழித்திருந்தபோதைவிட மிகக் குறைவாகவே மறந்தார்கள். வளரிளம் பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரம் வரை உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கொள்கை. இரவு பதினொரு மணிவரை படிக்க வைத்து, நான்கு மணிக்கு எழுப்புவது பகலில் சேர்த்ததை இரவில் தொலைப்பதாகும்.

இவற்றையெல்லாம் செய்தும் கருத்து ஊன்றாத பிள்ளையைச் சோம்பேறி என்று பெயரிடுவதற்கு முன், அவனுக்குக் கரும்பலகை தெரிகிறதா, காது நன்றாகக் கேட்கிறதா, இரத்தசோகை இருக்கிறதா, காலையில் ஏதாவது சாப்பிட்டு வருகிறானா என்று பார்த்துவிட வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைக்குக் கவனம் தளர்வது இயல்பு. பசித்த குழந்தைக்கு எந்த அப்பியாசமும் உதவாது. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தைக் கல்விச் செலவாகவே நான் கணக்கிடுவேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று மாலை பிள்ளை படித்து முடித்ததும் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, படித்ததை உங்களுக்குக் கற்பிக்கும்படி கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. அவன் அதிகம் விளக்க வேண்டியிருக்கும். விட்டுப் போனவற்றைப் புத்தகத்தைத் திறந்து அவனே பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும். நாளைக்கு ஒரு முறையும், அடுத்த வாரம் ஒரு முறையும் அதையே கேளுங்கள், தவறினால் கோபிக்காதீர்கள்.