சவரக் கத்தியும் சமதளக் கல்லும்

மடக்குச் சவரக் கத்தியைத் தீட்டுவோர் கல்லின் நுண்மையைப் பற்றிப் பெரிதும் ஆராய்வர். அதன் தளம் சமமாக உள்ளதா என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. உயர்ந்த கல்லை விலை கொடுத்து வாங்கிய பின்னரும் கத்தி மயிரைக் கொய்யாமல் பிடித்திழுக்குமாயின், கல்லில் விழுந்துள்ள குழிவையே முதலில் ஐயுறவேண்டும். அத்தகைய கத்தி தோலைக் கீறுகிறது. கீறிய தோல் நோய்க் கிருமிகளுக்கு வழிவிடுகிறது.

ஜப்பானில் நெடுங்காலமாகக் கியோட்டோ நகரை அடுத்த மலைகளில் வெட்டியெடுத்த இயற்கைக் கற்களே கூர்விளிம்பை நேர்த்தி செய்ய உபயோகிக்கப்பட்டு வந்தன. செயற்கைக் கல்லுக்கு வழி திறந்தது மின்னுலையாகும். 1891ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்வர்ட் அச்செசன் மின்னுலையில் சிலிகன் கார்பைடை ஆக்கினார். அதற்கு அவர் இட்ட கார்போரண்டம் என்னும் பெயர் நம் கடைத்தெருக்களில் இன்றும் வழங்குகிறது. இப்பொருளையோ அலுமினியம் ஆக்ஸைடையோ பொடித்து, மணிகளை அளவு வாரியாகப் பிரித்து, களிமண், பிசின், மக்னீசியா முதலியவற்றுள் ஒன்றால் பிணைத்துக் கற்கள் செய்யப்படுகின்றன. மிக நுண்ணிய மணிகளைச் சல்லடையால் பிரிக்க இயலாது. நீரில் கலக்கிப் படியவிடுவது ஒரு வழியாகும். விட்டம் பாதியான மணி நான்கில் ஒரு பங்கு வேகத்திலேயே படியும். வண்டல் மண்ணைக் கண்ணாடிக் குவளையில் கலக்கி, ஆசிரியர்கள் இவ்வுண்மையை மாணவருக்கு எளிதில் காட்டலாம்.

ஜப்பானியத் தர அளவின்படி, 1000 எண் கல்லின் மணி சராசரியாக 11.5 மைக்ரான் விட்டமுடையது. 8000 எண் கல்லில் அது 1.2 மைக்ரானாகும். மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான். நீர்க்கல்லின் பிணைப்பு மென்மையானது. தேய்க்குந்தோறும் மழுங்கிய மணிகள் உதிர்ந்து புதிய மணிகள் வெளிப்படுகின்றன. அது விரைந்து தீட்டுவதற்கும், விரைந்து குழிவதற்கும் காரணம் ஒன்றே.

இக்குழிவு சமையற்கத்திக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. சவரக் கத்தியின் நிலை வேறு. அதன் முதுகும் கூர்விளிம்பும் ஒருங்கே கல்லில் படியவைத்தே அதைத் தீட்டவேண்டும்; கோணத்தை நிர்ணயிப்பது கையன்று, முதுகின் கனமேயாகும். முதுகு 5 மில்லிமீட்டர் கனமும் அலகு 18 மில்லிமீட்டர் அகலமும் உடைய கத்தியில் இக்கோணம் ஏறத்தாழ 16 பாகையாக அமையும். ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள கல்லின் நடுவே 0.1 மில்லிமீட்டர் குழிவு இருப்பதாகக் கொள்வோம். அது கண்ணுக்குத் தெரிவதே அரிது. ஆயினும், குறுக்கே வைத்த கத்தியின் அடியும் நுனியுமே கல்லைத் தொடும். நடுவிளிம்பு 100 மைக்ரான் உயரத்தில், அதாவது 8000 எண் கல்லின் மணியைப்போல் எண்பது மடங்குக்கும் மேலான உயரத்தில், தொடாது நிற்கும். மேலும் அழுத்தித் தேய்த்தால் முதுகும் இரு முனைகளும் வீணே தேய்ந்து, விளிம்பு வில்போல் வளையும். தேய்ந்த முதுகை மீண்டும் வளர்க்க இயலாது.

கல்லைச் சமன் செய்யும் முறை எளிது. கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டங்கள் வரைக. தடித்த கண்ணாடிப் பலகையின்மீது, நீரில் நனைத்து உபயோகிக்கும் 220 எண் உப்புத்தாளைப் பரப்பி, தாராளமாக நீர்விட்டு, கல்லைக் கவிழ்த்து அழுத்தமின்றித் தேய்க்கவும். இடையிடையே கல்லைத் தலைமாற்றிப் பிடிக்கவேண்டும். குழிந்த கல்லில் ஓரக் கோடுகள் முதலில் அழியும், நடுக்கோடுகள் எஞ்சும். அவையும் மறைந்தால் தளம் சமமாயிற்று. பின்னர்க் கல்லின் கூரிய ஓரங்களைச் சற்றே மழுக்கி, முழுவதும் நன்கு கழுவுதல் வேண்டும். உப்புத்தாளிலிருந்து உதிர்ந்த சுமார் 60 மைக்ரான் மணியொன்று நுண்கல்லில் தங்கினாலும், அதுவரை தீட்டிய உழைப்பைக் கெடுத்துவிடும்.

இரு கற்களை ஒன்றோடொன்று தேய்த்தால் போதும் எனச் சிலர் கூறுவர். இது நம்பத்தக்கதன்று. மேலே அசையும் கல் குழியவும், அடியில் கிடக்கும் கல் புடைக்கவும் கூடும். அப்போதும் இரண்டும் இடைவெளியின்றிப் பொருந்தியே நிற்கும். தொலைநோக்கியின் குழியாடியைக் கையால் தேய்ப்போர் விரும்பிச் செய்வது இதனையே! கற்கள் மூன்று இருப்பின் இவ்வேமாற்றம் நேராது. முதற்கல்லை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை முதலாவதோடும் மேல்கீழ் மாற்றித் தேய்த்து வந்தால், மூன்றும் தம்முள் பொருந்துவதற்குச் சமதளமன்றி வேறு வடிவம் இல்லை. இயந்திரத் தொழிலில் உண்மையான சமதளங்களை உண்டாக்க, விட்வொர்த் 1840இல் விளக்கிய முறையும் மூன்று தகடுகளைக் கொண்டதே.

தீட்டும்போது கூர்விளிம்பு முன்செல்ல வேண்டும்; திருப்பும்போது முதுகின்மேல் புரட்டவேண்டும். 1000 எண் கல்லில் இருபுறச் சரிவும் விளிம்பு நெடுகச் சந்தித்த பின்னரே அடுத்த கல்லுக்குச் செல்லலாம். இறுதியில் தோல்வாரில் முதுகு முன்செல்லத் தேய்ப்பர். நன்கு தீட்டியதனால் கத்தி தூய்மையாகிவிடாது. மஞ்சட்காமாலை பி, எச்.ஐ.வி. ஆகிய கிருமிகள் இரத்தத்தின் வழியே பரவுவன. ஆதலின் பலருக்குச் சவரம் செய்யும் கடைகளில், ஒருவருக்கொன்றாக எறிந்துவிடும் அலகையே உபயோகிக்கவேண்டும்.

களிமண் பிணைப்புடைய நுண்துளைக் கற்களைக் குமிழிகள் அடங்கும்வரை நீரில் ஊறவைக்கலாம். மக்னீசியாப் பிணைப்புக் கற்களை ஊறவிட்டால் அவை இளகிக் கெடும், மேலே நீர் தெளித்தலே போதும். எக்கல்லையும் வெயிலில் காயவைத்தல் கூடாது. காஷ்மீர், இமாசலம் போன்ற குளிர்ப் பகுதிகளில் பணிபுரிவோர் ஊறிய கல்லை இரவில் வெளியே விட்டுவைக்கலாகாது. உறையும் நீர் கன அளவில் சுமார் 9 சதவீதம் விரிவதால் கல் வெடித்துவிடும்.