விபத்தில் சிக்கியவரை மீட்கும் பயிற்சி

நம் தோட்டப்புற மக்களிடம் இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. சாலையில் ஒருவர் அடிபட்டு விழுந்தால் பத்துப் பேர் ஓடுவோம். கையைக் காலைப் பிடித்து இழுப்போம். வாயில் தண்ணீர் ஊற்றுவோம். கிடைத்த வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரட்டுவோம். மனம் நல்ல மனம்தான். ஆனால், கழுத்தெலும்பு முறிந்தவரைக் கண்டபடி இழுத்தால், பிழைக்க வேண்டியவர் கைகால் விளங்காமல் படுத்துவிடவும் கூடும். ஆகவே, மீட்பு வேலை தெரிந்தவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று இன்று பார்ப்போம்.

பாகான் டாலாம் பட்டர்வொர்த் துறைமுகத்தை ஒட்டிய ஊர். அங்கே பெரிய சரக்கு லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஒரே சாலையில் ஓடுகின்றன. தோட்டங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளும் இப்படிப்பட்ட சாலைகளில்தான் போகிறார்கள். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே.

இப்படிப்பட்ட விபத்துக்கு ஓடி வருகிறவர்களில் முக்கியமானவர்கள் பொம்பாக்காரர்கள். 1997-ஆம் ஆண்டில் அத்துறையின் பெயரிலேயே ‘மீட்பு’ என்ற சொல்லும் சேர்ந்தது. கோலகுபு பாருவில் அவர்களுக்கென்று பயிற்சிக் கழகம் இருக்கிறது. கார் விபத்து மீட்பைப் பழகுகிறவர்கள், பழைய கார்களை வெட்டி வெட்டித்தான் கை பழகுகிறார்கள்.

அந்தப் பயிற்சியின் முதல் பாடம் அவசரப்படாதே என்பது. வந்தவுடன் காரைத் தொடமாட்டார்கள். மற்ற வண்டிகளை நிறுத்துவார்கள். எஞ்சினை அணைத்து, பேட்டரிக் கம்பியைக் கழற்றுவார்கள். கார் அசையாதபடி சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்கள். விரியாத காற்றுப்பை திடீரென்று வெடித்து விரியலாம் என்பதால், ஸ்டீயரிங்குக்கு நேரே தலையை நீட்டமாட்டார்கள்.

அடுத்தது ஆளைக் கவனிப்பது. ஒருவர் அடிபட்டவரின் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொள்வார். மற்றொருவர் இரத்தம் பீறிடும் இடத்தை அழுத்துவார். மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். அதன் பிறகே கருவிகள் வரும். நீரியல் விசையால் இயங்கும் பெரிய கத்தரியும், இடுக்கை அகட்டும் கருவியும் இரும்பை வெட்டி விலக்கும். 1960-களில் அமெரிக்கரான ஜார்ஜ் ஹர்ஸ்ட், பந்தயக் கார்களில் சிக்கியவர்களை விரைவில் எடுப்பதற்காக உருவாக்கிய கருவியின் வழிவந்தவை இவை. காரிலிருந்து ஆளைப் பிய்த்தெடுப்பதில்லை. ஆளைச் சுற்றியுள்ள காரைத்தான் பிரித்தெடுக்கிறார்கள். நல்ல நினைவோடு, தானே இறங்கக்கூடியவராக இருந்தால், அவரை மெல்ல இறங்கச் சொல்லலாம் என்பதும் இன்றைய பயிற்சியில் உண்டு. ஏனெனில் நேரமும் உயிர்தான்.

பலர் ஒரே நேரத்தில் அடிபட்டால் யாரை முதலில் பார்ப்பது? 1988-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் பட்டர்வொர்த் ஃபெரி நிலையம் இடிந்து 32 பேர் மாண்டார்கள். 1,600-க்கும் அதிகமானோர் காயமடைந்தார்கள். அது சாலை விபத்து அன்று. எனினும் பஸ் கவிழ்ந்தாலும் இதே கேள்விதான் எழும். ‘ஐயோ’ என்று அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமே இல்லாமல் கிடப்பவரைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று பயிற்சி சொல்கிறது.

பொம்பாவும் ஆம்புலன்சும் வந்து சேரும்வரை நாம் செய்யவேண்டியது என்ன?

முதலில் 999-க்குப் போன் செய்யுங்கள். எந்தச் சாலை, எந்தக் கிலோமீட்டர் கல், எத்தனை பேர், யாராவது சிக்கியிருக்கிறார்களா என்று நிதானமாகச் சொல்லுங்கள். இரண்டு பேர் தள்ளி நின்று, வரும் வண்டிகளுக்குக் கை காட்டுங்கள். இரத்தம் கொட்டினால் சுத்தமான துண்டையோ கைலியையோ மடித்து, விடாமல் அழுத்துங்கள். தண்ணீரோ தேநீரோ கொடுக்கவேண்டாம்; அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். மோட்டார் சைக்கிளில் வந்தவரின் ஹெல்மெட்டைப் பிடுங்கவேண்டாம். ஆனால், அதனால் மூச்சு அடைபட்டால், ஒருவர் கழுத்தைத் தாங்க, மற்றொருவர் மெல்லக் கழற்றவேண்டும். தீப்பிடித்தாலோ, தண்ணீருக்குள் மூழ்கினாலோ மட்டும், காத்திராமல் ஆளை அப்புறப்படுத்தியே ஆகவேண்டும். கழுத்தைவிட உயிர் பெரிது.

இவையெல்லாம் பெரிய படிப்புப் படித்தால்தான் வரும் என்பதில்லை. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் பலவற்றில் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையும் உண்டு. சீருடைக்குச் செலவாகுமே என்று தயங்காமல் பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். அவர்கள் கற்று வருவதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு லயத்தில் இரண்டு பேருக்கு இந்த வேலை தெரிந்திருந்தால் போதும். அடுத்த முறை நாம் ஓடும்போது, நம் இரக்கத்தோடு அறிவும் கூட ஓடி வரும்.