வாடிக்கையாளர் சேவையிற் பெண்களும் சுகவீன விடுமுறையும்: காரணங்கள் பற்றிய ஒரு நோக்கு

வங்கியின் கருமபீடத்திலும், புடைவைக் கடையின் விற்பனைப் பகுதியிலும், தொலைபேசி அழைப்பு நிலையத்திலும், ஹோட்டலின் வரவேற்பிடத்திலும் இன்று பெருந்தொகையான பெண்கள் பணிபுரிகின்றனர். வாடிக்கையாளரை நேரிலோ குரல்வழியாகவோ எதிர்கொள்வதே இத்தொழில்களின் பொதுப்பண்பாகும். இத்தகைய தாபனங்களை நடத்துவோரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று ஒன்று உண்டு. பெண்கள் அடிக்கடி சுகவீன விடுமுறை பெறுவர். ஆதலால் அவர்களைப் பொறுப்பான பதவிகளுக்கு உயர்த்துவது நட்டமாகும் என்பதே அது.

இக்கூற்றின் முற்பாதிக்குச் சில நாடுகளின் புள்ளிவிபரங்கள் சான்று தருகின்றன. சுகவீன விடுமுறை பற்றிய பதிவுகளை ஒழுங்காகப் பேணிவரும் நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளில் பெண்கள் பெறும் விடுமுறை ஆண்கள் பெறுவதிலும் அதிகமாகவே இருந்து வந்துள்ளது. கர்ப்பகாலச் சுகவீனங்கள் இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியை விளக்குகின்றனவேனும், முழுவதையும் விளக்கவில்லை. எனினும் இதிலிருந்து பெண்ணுடலின் பலவீனம் என்னும் முடிவு பெறப்படுமா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினாவாகும்.

1. விடுமுறை என்னும் அளவுகோல்

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். நோய் வேறு, நோய்க்கெனப் பதியப்படும் விடுமுறை வேறு. இவ்விரண்டுக்குமிடையே சட்டமும், சம்பளமும், மேலாளர் மீதான அச்சமும் நிற்கின்றன. சம்பளத்துடன் கூடிய விடுமுறை இல்லாதவிடத்து நோயுற்றவரும் வேலைக்கு வருவர். ஆகவே விடுமுறைப் பதிவேடு வெறுமையாக இருப்பது ஊழியரின் ஆரோக்கியத்துக்குச் சான்றாகாது. சில வேளைகளில் அது அவர்தம் அச்சத்துக்கே சான்றாகும்.

எமது நாட்டின் நிலையை இங்கு நோக்கலாம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 14 நாள் வருடாந்த விடுமுறையையும் 7 நாள் சமயோசித விடுமுறையையும் வழங்குகின்றது. அந்த 7 நாட்கள் சொந்த அலுவல், சுகவீனம், வேறு நியாயமான காரணம் ஆகிய அனைத்துக்கும் உரியவை. பிள்ளைக்குக் காய்ச்சல் எனினும், தாயை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதாயினும், தனக்கே தலைச்சுற்று எனினும் இந்த ஏழிலிருந்துதான் எடுத்தல் வேண்டும். குடும்பத்தின் நோய்களைப் பராமரிக்கும் பொறுப்பைப் பெண்ணிடமே விட்டுவைத்திருக்கும் சமுதாயத்தில், இந்நாட்கள் அவள் நோயுறுமுன்னரே தீர்ந்துபோதல் இயல்பேயாம். அதன்பின் அவள் நோயுடன் வேலைக்குச் செல்வாள், அல்லது சம்பளத்தை இழப்பாள்.

2. நிற்றலும் நீரருந்தாமையும்

விற்பனைப் பெண்ணின் உடலுழைப்பு கண்ணுக்குப் புலப்படாதது. மூட்டை சுமப்பதே உழைப்பு, நிற்றல் உழைப்பன்று எனக் கருதும் வழக்கம் இதற்குக் காரணமாகலாம். உண்மை அதுவன்று. கால்களின் நாளங்களிலுள்ள குருதி மேல்நோக்கிச் செல்வதற்குக் கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிதல் அவசியம். நடக்கும்போது இது தானே நிகழ்கின்றது. ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்கும்போது குருதி கீழே தேங்கி, கால் வீக்கமும் காலப்போக்கில் நாளப் புடைப்பும் தோன்ற ஏதுவாகின்றது. முதுகுவலி உடன் சேர்கின்றது.

இதனினும் பேசப்படாதது மலசலகூடம் பற்றிய பிரச்சினை. கடையில் மலசலகூடம் இல்லாதபோது, அல்லது அதற்குச் செல்ல அனுமதி கேட்கவேண்டியிருக்கும்போது, பெண்கள் நீரருந்துவதைக் குறைத்துக்கொள்கின்றனர், சிறுநீரை அடக்கிக்கொள்கின்றனர். சிறுநீர்ப்பாதைத் தொற்று இதன் விளைவுகளுள் ஒன்று. குருதிச்சோகையும் உள்ளதாயின் களைப்பு இருமடங்காகும். இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) 15 முதல் 49 வயதுவரையான பெண்களுள் 57 சதவீதத்தினர் குருதிச்சோகை உடையோர் எனக் கண்டது. இத்தகைய உடலை நாள்முழுவதும் நிறுத்திவைத்துவிட்டு, அது தளரும்போது பெண்மையின் பலவீனம் எனப் பெயரிடுதல் எவ்வகை நியாயம்?

3. புன்னகை என்னும் உழைப்பு

வாடிக்கையாளர் சேவையை ஏனைய தொழில்களினின்றும் வேறுபடுத்துவது, அங்கு ஊழியரின் உணர்ச்சியும் விற்பனைக்குள்ளாவதாகும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட் 1983இல் வெளியிட்ட நூலொன்றில் இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' எனப் பெயரிட்டார். விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்போரையும் அவர் ஆராய்ந்தார். முன்னவர் பயணியின் மனத்தை இதப்படுத்தப் புன்னகைக்க வேண்டும். பின்னவர் கடனாளியை அச்சுறுத்தக் கடுமை காட்ட வேண்டும். இருசாராரும் உள்ளத்தில் உள்ளதை மறைத்துத் தாபனம் விதித்த உணர்ச்சியை முகத்தில் அணிந்துகொள்கின்றனர். இது நாள்தோறும் நிகழும்போது தன் உணர்வு எது, தொழிலுக்குரிய உணர்வு எது என்னும் வேறுபாடே மங்கி மனச்சோர்வு உண்டாகின்றது.

அவர் சுட்டிக்காட்டிய பிறிதொரு விடயம் எமது பொருளுக்கு மிக முக்கியமானது. ஆண் பணியாளருக்கு அவர்தம் சமூக அந்தஸ்து ஒரு கேடயமாகின்றது. பெண்ணுக்கு அக்கேடயம் இல்லை. ஆதலால் ஒரே விமானத்தில், ஒரே சீருடையிற் பணியாற்றும் இருவருள், பயணியின் கோபம் பெரிதும் பெண்மீதே பாய்கின்றது. தொழிலின் பெயர் ஒன்றாயினும் சுமை ஒன்றன்று என்பதை இது உணர்த்துகின்றது.

4. கேள்வி அதிகம், அதிகாரம் குறைவு

வேலையின் பளு மாத்திரம் மனிதரை நோயாளியாக்குவதில்லை. 1979இல் ரொபேர்ட் கராசெக் என்னும் ஆய்வாளர் முன்வைத்த கருத்தின்படி, தொழில் விதிக்கும் தேவைகள் அதிகமாகவும் அத்தொழிலைத் தானே ஒழுங்குபடுத்தும் அதிகாரம் குறைவாகவும் இருக்கும் நிலையே பெரும் நெருக்கீட்டைத் தோற்றுவிக்கின்றது. அழைப்பு நிலையப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அடுத்த அழைப்பு எப்போது வரும் என்பதை இயந்திரம் தீர்மானிக்கின்றது. எதைப் பேசவேண்டும் என்பது முன்னரே எழுதப்பட்டுள்ளது. எத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது கணக்கிடப்படுகின்றது. வசைபாடுபவரின் தொடர்பைத் துண்டிக்கவும் அவளுக்கு உரிமையில்லை. பிழை தாபனத்தினது, பதில் கூறவேண்டியவள் அவள்.

இக்கருத்துக்கு வலுச்சேர்ப்பது லண்டன் அரசாங்க ஊழியர் 10,308 பேரிடையே 1985இல் தொடங்கப்பெற்ற இரண்டாவது வைற்ஹோல் ஆய்வாகும். மைக்கல் மார்மற் தலைமையிலான இவ்வாய்வு வாடிக்கையாளர் சேவையை மட்டும் நோக்கியதன்று. எனினும் அதன் முடிவு இங்கு மனங்கொள்ளத்தக்கது. அடிநிலைப் பதவியிலிருந்த ஆண்களின் சுகவீன விடுமுறை உயர்பதவியினரதைப் போல ஏறத்தாழ ஆறு மடங்காயிருந்தது. பெண்களிடையேயும் அவ்வேறுபாடு மூன்று, நான்கு மடங்காகக் காணப்பட்டது. அதாவது ஒரே பாலினருள்ளேயே, படி இறங்க இறங்க விடுமுறை ஏறுகின்றது. பாலே காரணமாயின் உயர்பதவியிலுள்ள பெண்ணும் எழுதுவினைஞரான பெண்ணும் ஒரே அளவில் நோயுறல் வேண்டுமன்றோ? அடிநிலைப் பதவிகளிற் பெண்களை நிரப்பிவைத்துவிட்டு, அந்நிலை தரும் நோயைப் பெண்களின் நோய் என்கின்றோம் எனலாம்.

5. பெண்ணுடலுக்குரிய நோய்கள்

இவ்வாறு கூறுவதால் பெண்ணுடலுக்கே உரிய இடர்களை நாம் மறுப்பதாகக் கொள்ளலாகாது. கருப்பையின் உட்படையை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெற்றியோசிஸ் நோய், பிள்ளைபெறும் வயதுப் பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரைப் பீடிப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கடும் வலி தரும் இந்நோய் கண்டறியப்படாமலே பல ஆண்டுகள் கழிவதுண்டு. அவ்வாண்டுகளில் அவள் பெறும் விடுமுறை சாக்குப்போக்காகவே எண்ணப்படுகின்றது.

ஆயின் உடலின் இயற்கையும் தொழிலின் ஒழுங்கும் தனித்தனியே இயங்குவனவல்ல. யப்பானில் மாதவிடாய் விடுமுறைக் கோரிக்கையை 1920களின் பிற்பகுதியிலேயே எழுப்பியோருள் தோக்கியோ நகரப் பேருந்து நடத்துநர்களான பெண்களும் அடங்குவர். 1947ஆம் ஆண்டின் தொழில் நியமச் சட்டத்தில் அவ்விடுமுறை இடம்பெற்றது. ஆனால் 2020ஆம் ஆண்டுக்குரிய அரசாங்க ஆய்வொன்றில், அதனைப் பயன்படுத்திய பெண் ஊழியர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவாகவே காணப்பட்டனர். ஆண் மேலாளரிடம் காரணங்கூறிக் கேட்கவேண்டிய உரிமை, ஏட்டிலுள்ள உரிமையாகவே எஞ்சிவிடும் என்பதற்கு இது தக்க சான்று.

6. முடிவாக

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, சுகவீன விடுமுறையின் காரணங்கள் பல தொழிலின் அமைப்பிலேயே உள்ளன என்பது பெறப்படும். அமைப்பில் உள்ளவை மாற்றக்கூடியவை. பிரித்தானியாவில் மூன்று விற்பனைப் பெண்களுக்கு ஓர் ஆசனம் வழங்கவேண்டுமென 1899இலேயே சட்டம் இயற்றப்பட்டது. வாணிபத்திலும் அலுவலகங்களிலும் ஊழியருக்கு ஆசனங்களும் அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் அளிக்கவேண்டுமென 1964இல் சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் 120ஆம் இலக்கச் சமவாயம் கூறிற்று. எனினும் கேரளத்தில், கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என அணிதிரண்டு மலசலகூடத்துக்காகவும் அமர்ந்திருக்கும் உரிமைக்காகவும் ஆண்டுக்கணக்கிற் போராடிய பின்னரே 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாடு 2021இல் அதே வழியிற் சென்றது. ஒரு நாற்காலி ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது; அது கிடைத்ததும் கருணையினாலன்று, ஒன்றிணைந்த குரலினாலேயாம்.

ஆகவே 'இப்பெண்கள் ஏன் அடிக்கடி வேலைக்கு வருவதில்லை?' என்னும் வினாவை நாம் மாற்றி அமைத்தல் வேண்டும். எத்தனை மணிநேரம் நிற்கின்றனர், எப்போது நீரருந்துகின்றனர், அவமதிக்கும் வாடிக்கையாளரை எதிர்க்க அவர்களுக்கு என்ன அதிகாரமுண்டு, நோயுற்ற பிள்ளையை யார் பார்க்கின்றனர் என்பனவே கேட்கப்படவேண்டிய வினாக்கள். தொழிற்சங்கங்களும் பல்கலைக்கழக ஆய்வாளரும் கருமபீடத்தின் மறுபக்கம் சென்று இவ்வினாக்களை அப்பெண்களிடமே கேட்பார்களாயின், விடுமுறைப் பதிவேடு குற்றப்பத்திரிகையாக அன்றி, தொழிலிடத்தின் நோயைக் காட்டும் சாட்சியமாக வாசிக்கப்படும்.