பள்ளிக்குள் வரும் ஏஐ: ஆசிரியர் சங்கங்கள் எப்போது, என்ன கேட்க வேண்டும்?

"ஏஐ வந்தா வாத்தியார் வேலை போயிடுமா?" ஆசிரியர்கள் கூடும் இடங்களில் எல்லாம் இப்போது அடிபடும் கேள்வி இது. ஆனால் இதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது. வேலை போகிறதோ இல்லையோ, ஆசிரியரின் வருகையையும் திறமையையும் இனி எது அளக்கப்போகிறது? அந்த அளவுகோலை முடிவு செய்யும்போது ஆசிரியர் சங்கத்திடம் யாராவது கேட்பார்களா?

கோவைப் பகுதிக்கு இது புதிய கேள்வி இல்லை. ஏறக்குறைய 100 ஆண்டுகளுக்கு முன் போத்தனூர் ரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள் இதே இடத்தில்தான் நின்றார்கள்.

1928-ல் என்ன நடந்தது?

போத்தனூர், நாகப்பட்டினம் பணிமனைகளைத் திருச்சி பொன்மலையில் அமைந்த புதிய பணிமனையோடு இணைக்கத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி முடிவு செய்தது. கூடவே 3,100-க்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பத் திட்டம். யார் இருக்கலாம், யார் போகணும் என்று பிரிக்கத் திறன் தேர்வு ஒன்றையும் கொண்டுவந்தது. தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். ஜூலையில் வேலைநிறுத்தம் ரயில்வே முழுக்கப் பரவியது. சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். மாத இறுதியில் போராட்டம் தோல்வியில் முடிந்தது.

தோல்விக்கு அடக்குமுறை உட்படப் பல காரணங்கள். அதில் ஒன்று நேரம். புதிய பணிமனைக்குப் பணம் போட்டாயிற்று, அளவுகோலும் தயாராகிவிட்டது; அதற்குப் பிறகே மோதல் முற்றியது.

பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பள்ளிகளில் புதிய மென்பொருளும் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. முதலில் ஒப்பந்தம், அடுத்து சுற்றறிக்கை, கடைசியில்தான் ஆசிரியருக்குத் தகவல்.

தமிழ்நாட்டின் எமிஸ் இணையதளம் ஏஐ இல்லை. ஆனால் பதிவு வேலையே பாடம் நடத்தும் நேரத்தைத் தின்கிறது என்பது ஆசிரியர்களின் நீண்டகாலப் புகார். 2023 அக்டோபரில் டிட்டோஜாக் கூட்டமைப்பு போராட்டம் அறிவித்தது. பேச்சுவார்த்தை நடந்தது. வருகைப் பதிவு தவிர மற்ற எமிஸ் வேலைகளில் இருந்து நவம்பர் 1 முதல் ஆசிரியர்கள் விடுவிக்கப்படுவார்கள் என்று அரசு அறிவித்தது.

உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலையில் ஆசிரியர்களுக்கு டிஜிட்டல் வருகைப் பதிவு கட்டாயமானது. எதிர்ப்பு வலுத்ததும், சில நாட்களிலேயே அரசு அதை நிறுத்திவைத்துக் குழு அமைத்தது.

இரண்டுமே சங்கங்களுக்குக் கிடைத்த பலன்தான். ஆனால் இரண்டிலும் கருவி முதலில் வந்தது, பேச்சு பிறகு வந்தது.

'கம்ப்யூட்டர் மதிப்பெண்' தப்பாக இருந்தால்?

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரப் பள்ளிகளில், மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஒரு மென்பொருள் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போட்டது. அது குறைந்தால் வேலைக்கே ஆபத்து. எப்படிக் கணக்குப் போட்டீங்க என்று கேட்டால், அது மென்பொருள் நிறுவனத்தின் ரகசியம் என்பது பதில். ஆசிரியர் சங்கம் நீதிமன்றம் போனது. மதிப்பெண் சரியா என்று சோதிக்கவே ஆசிரியருக்கு வழியில்லாதபோது, அதை வைத்து வேலையைப் பறிப்பது அரசியல் சட்ட உரிமையை மீறுவதாக இருக்கலாம் என்று கூறி, 2017-ல் நீதிபதி வழக்கைத் தொடர அனுமதித்தார். அதே ஆண்டு சமரசம் ஏற்பட்டது. சரிபார்க்க முடியாத மதிப்பெண்ணைக் காட்டி யாரையும் நீக்க மாட்டோம் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

அந்தச் சங்கம் கம்ப்யூட்டரையே தூக்கி எறியச் சொல்லவில்லை. 'கணக்கைக் காட்டு' என்றது.

நம்ம ஊர் சட்டம் உதவுமா?

ஓரளவுதான். ஆட்குறைப்புக்கு வழிவகுக்கும் தொழில்நுட்ப மாற்றம் என்றால் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றது 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம். 2025 நவம்பரில் அமலான புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆனால் 1947 சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளர்' இல்லை என்று 1988-ல் சுந்தரம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேலை தொடர்பான தேவைகளுக்கு ஊழியரின் தரவை அவர் சம்மதம் இல்லாமலேயே பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது.

கையில் இருக்கும் ஒரு பிடி, தமிழ்நாடு அரசு 2020-ல் வெளியிட்ட ஏஐ கொள்கை. மக்களிடம் கொண்டு போகும் முன் ஏஐ அமைப்புகளை மதிப்பிட அது 'டீப்-மேக்ஸ்' என்ற மதிப்பெண் அட்டையை முன்வைக்கிறது. பாரபட்சம், தனியுரிமை, தவறான பயன்பாடு, தணிக்கை எல்லாம் அதில் அடக்கம். பள்ளிக்கு வரும் கருவிக்கும் அந்த அட்டையைக் காட்டுங்கள் என்று சங்கங்கள் கேட்கலாம்.

அப்போ, சங்கங்கள் என்ன செய்யலாம்?

• வாங்கும் முன் பேச்சு: எந்தக் கருவி, என்ன விலை, என்ன நோக்கம் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். அரசுப் பள்ளி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்தலாம்.

• நோக்கத்துக்கு எல்லை: வருகைக்கு எடுத்த முகப்பதிவு வருகைக்கு மட்டுமே. அதை நடத்தை கண்காணிப்புக்கு மாற்றக் கூடாது.

• மனிதரின் முடிவு: மெமோ, இடமாற்றம், பணிநீக்கம் எதையும் மென்பொருள் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. மேல்முறையீடு கேட்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும்.

• மிச்சமாகும் நேரம் யாருக்கு: வினாத்தாள் தயாரிப்பதில் ஏஐ ஒரு மணி நேரம் மிச்சப்படுத்தினால், அது மாணவர்களுக்குப் போக வேண்டும். கூடுதல் வகுப்புகளைத் தலையில் கட்டவோ ஆளைக் குறைக்கவோ அது சாக்காகக் கூடாது.

• பயிற்சி வேலை நேரத்தில்: ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் வகுப்பு வேண்டாம்.

தனியார் பள்ளி ஆசிரியர்கள்?

மிகவும் சிக்கலான நிலை இவர்களுக்குத்தான். பல பள்ளிகளில் சங்கமே இல்லை. கேள்வி கேட்டால் அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்ற பயம். அரசுப் பள்ளிச் சங்கங்கள் தங்கள் கோரிக்கைகளைத் தங்கள் உறுப்பினர்களோடு நிறுத்தாமல், எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்தும் அரசாணையாகக் கேட்டால் இவர்களுக்கும் பாதுகாப்பு கிடைக்கும். அந்தக் கோரிக்கையை வைக்கச் சரியான நேரம், கருவி இன்னும் விலைப்பட்டியலில் இருக்கும்போதுதான்.